பொட்டு வைத்த பந்து

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் யார் எதைக் கேட்டாலும் தலை தானாக ஆடிவிடும். ஆசிரியப் பயிற்சி முடித்து முதல் வேலையில் சேர்ந்த புதிதில் இந்த வியாதி முற்றியிருந்தது. "சமைக்கத் தெரியுமா?" ஆட்டினேன். "சைக்கிள் ஓட்டுவீங்களா?" ஆட்டினேன். (பின்னால் கேரியரில் உட்கார்ந்து போனதும் ஒரு வகையில் ஓட்டியதுதானே.) அப்படி ஆட்டியதில் ஒன்றுதான் ஹாக்கி.

நான் வேலை பார்த்த பள்ளி, கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணைக்குப் போகிற வழியில் இருந்தது. வாசலில் நின்றால் கல்வராயன் மலை எதிரே தெரியும். மற்ற மூன்று பக்கமும் கரும்பு. மொத்தம் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தலைமையாசிரியர் பெரியசாமி சார். இன்னொருவர், நைனார்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளில் டவுன் பஸ்ஸைப் பிடிக்க மட்டுமே ஓடியிருந்த மாலதி டீச்சராகிய நான்.

ஒரு நாள் கள்ளக்குறிச்சியில் ஆசிரியர்களுக்குக் கூட்டம். கல்வி அதிகாரி மேடையில் எழுந்து, "இங்க யாராச்சும் ஹாக்கி ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டார். கூட்டமே தரையைப் பார்த்தது. என் தலை மட்டும் ஆடியது. அதிகாரிக்கு முகமெல்லாம் சந்தோஷம். அரை மணி நேரத்தில் ஒரு கோணிப்பை நிறையப் பிளாஸ்டிக் மட்டைகளோடு என்னைக் கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அது பெரியவர்கள் ஆடும் ஹாக்கி இல்லை. அதைத் துவைத்துச் சுருங்கவைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அளவெடுத்துத் தைத்த ஹாக்கி. பக்கத்துக்கு நாலே பேர். ஆண், பெண் கலந்து ஆடலாம். கோலைக் காக்க ஆள் கிடையாது. நாலு வீட்டு வாசலைச் சேர்த்துப் போட்ட அளவு இடம் போதும். மட்டைகள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று திருவிழாக் கடைச் சாமான் மாதிரி மின்னும். பந்து சாத்துக்குடியைவிடக் கொஞ்சம் பெரிதாக, உள்ளே ஒன்றுமில்லாமல், மேலே பட்டாலும் வலிக்காத வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இருக்கும். விதிகளும் கம்மிதான். மட்டையை முட்டிக்கு மேலே தூக்கக் கூடாது. தட்டையான பக்கத்தால்தான் தள்ள வேண்டும். பந்து காலில் படக் கூடாது.

வந்தது இரண்டே செட். ஒன்று கள்ளக்குறிச்சி டவுன் பள்ளி ஒன்றுக்கு, இன்னொன்று எங்களுக்கு. மார்கழியில் இரண்டு பள்ளிக்கும் ஒரு ஆட்டம் நடக்கும். ஜெயித்த பள்ளி தன் செட்டை வைத்துக்கொள்ளலாம். தோற்ற பள்ளியின் செட் வேறொரு பள்ளிக்குப் போய்விடும். இதுதான் ஏற்பாடு.

கோணிப்பையைப் பார்த்ததுமே பெரியசாமி சாருக்கு முகம் விழுந்தது.

"இன்னாம்மா இது? ஆளுக்கொரு கழிய குடுத்துட்டீங்க. எவன் மண்டயாச்சும் ஒடஞ்சிச்சினா ஊர்க்காரன் என்னத்தான புடிப்பான்?"

"இது ஒடம்புக்கு நல்லதுங்க சார். ஒழுக்கம் வரும்" என்றேன். (கூட்டத்தில் அதிகாரி சொன்ன வாக்கியம். அப்படியே இறக்கிவிட்டேன்.)

ஒழுக்கம் வருவதற்கு முன்னால் கால் வந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பந்து என்றால் உதைப்பது. பந்து இல்லாவிட்டால் தேங்காய் மட்டை, ஓட்டை டப்பா, பக்கத்தில் நிற்பவன். முருகன் என்று ஒரு மூன்றாம் வகுப்பு வாண்டு இருந்தான். வழியில் கிடக்கிற எதையும் உதைக்காமல் அவனால் தாண்ட முடியாது. மட்டையை ஒரு கையில் கொடி மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு காலால் ஆடுவான். "கால் படக் கூடாதுடா" என்று தொண்டை கிழியக் கத்துவேன். "செரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பந்தை உதைத்து என்னிடமே அனுப்புவான்.

அஞ்சலை மட்டும் வேறு மாதிரி. அவளும் மூன்றாம் வகுப்புதான். அப்பா அம்மா இருவரும் கரும்பு வெட்டும் கூலிகள். மட்டை வருவதற்கு முன்பு அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறைந்துவிடுகிற பிள்ளை. சிவப்பு மட்டையைக் கையில் வாங்கிய அன்று அவள் வீட்டுக்கே போக மறுத்தாள். மறுநாளிலிருந்து நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பள்ளி வாசலில் நின்றிருப்பாள். பந்து அவள் மட்டையோடு ஒட்டிக்கொண்டு போகும். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதீர்கள். நான் நிச்சயமாக இல்லை.

ஒரு நாள் அவள் அம்மா வயலுக்குப் போகிற வழியில் வந்து நின்றார். தலையில் சும்மாடு, கையில் வெட்டுக்கத்தி.

"டீச்சர், பொங்கல் முடிஞ்சா நாங்க வெட்டுக்குப் போயிடுவோம். வருசா வருசம் இவளயும் இட்டுக்கினுதான் போவோம். இந்த வாட்டி வரமாட்டேன்னு ஒரே அழுவாச்சி. அந்த செவப்புக் கழிய வுட்டுட்டு வரமாட்டாளாம்."

"விட்டுட்டுப் போங்கம்மா. படிக்கட்டும்."

"சித்தி வூட்ல வுடலாந்தான். கழி இருக்கிற வரிக்கும் இருக்கட்டும். அது போச்சின்னா இவ எதுக்கு இங்க? கரும்பு வெட்டுற எடத்துல, கொட்டாயில இருந்தா தம்பிய பாத்துக்குவா."

நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. ஒரு பிள்ளையின் படிப்பு, எனக்கே விளையாடத் தெரியாத ஒரு விளையாட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஜெயிக்க வேண்டும் என்ற வெறி வந்தது. எப்படி என்பதுதான் தெரியவில்லை.

வழி ஆயுத பூஜையன்று பிறந்தது. பெரியசாமி சார் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்கள், மணி, கரும்பலகை துடைக்கும் கட்டை எல்லாவற்றையும் அடுக்கினார். கூடவே ஹாக்கி மட்டைகளையும் அடுக்கி (மனுஷர் அதற்குள் கொஞ்சம் இளகியிருந்தார்), சந்தனம் தடவி, குங்குமம் வைத்தார். பந்துக்கும் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு. மறுபூஜை முடித்து எடுத்து அடுத்த நாள் விளையாட விட்டேன். முருகன் முதல் வேலையாக உதைத்தான். அவ்வளவுதான், மைதானமே அலறியது.

"டேய்! பொட்டு வச்ச பந்துடா!"

"சரஸ்வதிய ஒதச்சிட்டான் டீச்சர்!"

முருகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்ப் பந்தை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, மறுபடி ஒற்றி, பயபக்தியோடு தரையில் வைத்தான். அன்று முழுக்க அவன் கால் பந்துப் பக்கமே போகவில்லை. மூன்று மாதம் கத்தியதில் நடக்காதது ஒரு பொட்டில் நடந்துவிட்டது.

நான் விடுவேனா? அன்றே சட்டம் போட்டேன். பந்து சரஸ்வதி. கால் படக் கூடாது. தெரியாமல் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை மற்றவர்கள் அப்படியே நிற்க வேண்டும். பொட்டு அழியும்போதெல்லாம் வெள்ளிக்கிழமை நானே புதுப்பொட்டு வைத்தேன். புத்தகத்தில் கால் பட்டால் பதறுகிற பிள்ளைகளுக்கு இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் அழகாகிவிட்டது. ஓடுவார்கள், தள்ளுவார்கள், கால் பட்டால் நிற்பார்கள், ஒற்றிக்கொள்வார்கள், மறுபடி ஓடுவார்கள். கல்வி உலகத்துக்கே ஒரு புது முறையைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அதிகாரி கேட்டால் பேசுவதற்கு ஒரு சின்னச் சொற்பொழிவுகூடத் தயாரித்து வைத்திருந்தேன்.

என் புத்திசாலித்தனத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளோடு மட்டுமே ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரே இருப்பவன் நிற்க மாட்டான் என்பது யாருக்கும் தோன்றவில்லை, டீச்சர் உட்பட.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, ஐந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். நாலு பேர் ஆட, ஒருத்தி துணைக்கு. எல்லோருக்கும் தலையில் எண்ணெய் வழிந்தது. அஞ்சலை தீபாவளிப் பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள்.

கண்டக்டர் மட்டைகளைப் பார்த்து, "இன்னாம்மா, கலர் கலரா தொரட்டி? ஆட்டுக்குத் தழ ஒடிக்கவா?" என்றார்.

"ஹாக்கிங்க. கள்ளக்குறிச்சில மேட்சு" என்றேன் பெருமையாக.

டவுன் பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அதிகாரி நடுவில் சோபாவில். இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள். ஒன்று மைதானத்தைப் பார்த்து, இன்னொன்று பஸ் நிலையத்தைப் பார்த்து. மைக்கைப் பிடிக்கத் திருநாவலூரிலிருந்து குமரவேல் என்ற ஓர் ஆசிரியரை வரவழைத்திருந்தார்கள். கோயில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளை அறிவித்துப் பழகிய குரல். நீள வயரை இழுத்துக்கொண்டு கோட்டோரமாக நடந்தபடியே வர்ணனை செய்வார்.

டவுன் பிள்ளைகள் வெள்ளை ஷூவும் காலுறையும் போட்டிருந்தார்கள். அவர்கள் பந்து விரிசல் விட்டிருந்ததால் எங்கள் பந்தில் ஆடுவது என்று முடிவாயிற்று. அந்தப் பள்ளி பி.டி. சார்தான் நடுவர். பொட்டைப் பார்த்து அவர் லேசாகப் புருவத்தை உயர்த்தினார். சின்னப் பிள்ளைகள்தானே, தெரியாமல் கால் பட்டால் பெரிதாக விசில் ஊதப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் அதிகாரிக்கு வணக்கம் வைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. அஞ்சலை பந்தை வாங்கினாள், இரண்டு பேரைத் தாண்டினாள், முருகனிடம் தள்ளினாள். அது முருகன் காலில் பட்டது. எங்கள் நாலு பேரும் நின்றார்கள். முருகன் குனிந்தான். அவன் கை பந்துக்குப் போவதற்குள் ஒரு வெள்ளை ஷூ பையன் அதைத் தட்டிக்கொண்டு போய், ஆள் இல்லாத எங்கள் கோலில் போட்டான். முருகன் அவன் பின்னாலேயே ஓடி, கோலுக்குள் கிடந்த பந்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

"ஆகா! தோல்வியிலும் பந்தை வணங்கும் பண்பு!" என்று குமரவேல் சார் ஒலிபெருக்கியில் உருகினார்.

இரண்டாவது கோலும் அச்சு அசலாக அதே மாதிரி விழுந்தது. பந்தலில் சிரிக்க ஆரம்பித்தார்கள். அதிகாரி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்க, அவர் என்னைக் கை காட்டினார். நான் பந்தல் காலுக்குப் பின்னால் ஒதுங்கினேன். பந்தல் கால் என்னைவிட ஒல்லி.

இடைவேளையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து மெதுவாக ஆரம்பித்தேன்.

"இன்னைக்கு மட்டும் கும்பிட வேணாம். கால் பட்டாலும் ஆடிக்கிட்டே போங்க."

ஐந்து பேரும் நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் டீச்சர்?"

"இது டவுனு. இங்க ரூல் வேற."

"அதே பந்துதான டீச்சர்? நம்ப பொட்டு இருக்குது பாருங்க" என்றாள் அஞ்சலை.

"இன்னைக்குச் சனிக்கிழமை. சரஸ்வதிக்கு லீவு."

முருகன் யோசித்தான். "சாமிக்கு யாரு டீச்சர் லீவு வுடுவாங்க? ஹெட்மாஸ்டரா?"

வாழ்நாளில் முதல் முறையாக, தெரியாத ஒன்றுக்குத் தலையாட்ட முடியவில்லை. கடைசியில் முருகனே ஒரு சமாதானத்துக்கு வந்தான். "ஓடிக்கினே மனசுக்குள்ள கும்பிட்டுக்கலாமா டீச்சர்?" ஆகட்டும் என்றேன். ஆனால் மனம் கும்பிட்டால் கை சும்மா இருக்குமா? திரும்பி இறங்கிய முதல் நிமிடத்திலேயே நாலு பேரும் ஓடிக்கொண்டே கண்ணைத் தொட்டுக்கொண்டார்கள். கண்ணைத் தொட்டதால் பந்து தெரியவில்லை. ஒருத்தன் மேல் ஒருத்தன் மோதி விழுந்தார்கள்.

அந்தக் குழப்பத்தில் பந்து கோட்டைத் தாண்டிப் பந்தலுக்குள் உருண்டு வந்து அதிகாரியின் ஷூவில் பட்டு நின்றது.

எங்கள் பிள்ளைகள் நாலு பேரும் ஓடி வந்து அவர் முன்னால் வரிசையாக நின்றார்கள். பந்தை யாரும் எடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி குனிந்து பார்த்தார். பொட்டு மேலே தெரிந்தது. பந்தலில் சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய உடம்பு அவருக்கு. சோபாக் கையைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுக் குனிந்து, பந்தைத் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டார். யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. சின்ன வயதில் அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்தது, கை தானாகப் போயிருக்கும். முருகன் திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் பந்தை எடுத்துப் போனான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. டவுன் பள்ளிப் பெண் ஒருத்திக்குக் காலில் பந்து பட்டது. அவள் நின்றாள். பந்தலைப் பார்த்தாள். பெரிய அதிகாரியே கும்பிட்டிருக்கிறார். மெல்லக் குனிந்து ஒற்றிக்கொண்டாள். எங்கள் பிள்ளைகள் நாலு பேரும் மரியாதையாக நின்று காத்திருந்தார்கள். அடுத்து அவர்கள் பையன் ஒருவன். கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேரும் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். பி.டி. சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். ஆட்டம் நின்று நின்று, எங்கள் ஊர் ஆட்டமாகவே மாறிவிட்டது. எங்கள் ஊர் ஆட்டத்தில் அஞ்சலையை யாராலும் பிடிக்க முடியாது. ஒரு கோல் போட்டாள். இன்னொன்றும் போட்டாள். இரண்டுக்கு இரண்டு. நான் பந்தல் காலை விட்டு வெளியே வந்து, கோட்டோரத்தில் குமரவேல் சார் பக்கத்தில் நின்று குதிக்க ஆரம்பித்தேன்.

முடிய ஒரு நிமிடமோ என்னவோ இருந்தது. அஞ்சலை பந்தோடு தனியாக ஓடினாள். எதிரே யாரும் இல்லை. கோல் பத்தடி தூரத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இதோ மலையடிவாரத்தின் மின்னல்! தட்டிவிட்டால் வெற்றி! தட்டப் போகிறாள்..." என்றார் குமரவேல் சார்.

அவள் நின்றுவிட்டாள்.

பாவாடை செருகல் அவிழ்ந்து தொங்கியது. அந்தத் துணிக்குள் பந்து காலில் பட்டிருக்கிறது. பி.டி. சார் பின்னால் இருந்தார், அவருக்குத் தெரியவில்லை. பந்தலுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஓடி வந்தவர்களுக்கும் தெரியவில்லை. அஞ்சலை குனிந்து பந்தை எடுத்துக் கண்ணருகே கொண்டு போனாள். என்ன ஆயிற்று என்று புரியாமல் குமரவேல் சார் பேச்சை நிறுத்தினார். என் கண்ணுக்கு முன்னால் கோணிப்பையும், கரும்பு வெட்டும் கொட்டாயும், அங்கே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் அஞ்சலையும் ஒன்றாக வந்து நின்றார்கள். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"யாரும் பாக்கலடி! அடிடீ!"

குமரவேல் சாரின் மைக் என் வாய்க்கு முன்னால் இருந்ததை நான் கவனிக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற செய்தி ஒரு ஒலிபெருக்கி வழியாக மைதானம் முழுவதற்கும், இன்னொன்றின் வழியாகப் பஸ் நிலையம் முழுவதற்கும் போய்ச் சேர்ந்தது. சேலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபமில்லை. எனக்குப் புரியாததை எனக்கு விளக்குகிற மாதிரிதான் சொன்னாள்.

"நான் பாத்துட்டனே டீச்சர்."

பந்தைக் கண்ணில் ஒரு முறை ஒற்றி, இன்னொரு முறையும் ஒற்றித் தரையில் வைத்தாள். என் குரலைக் கேட்டு எங்கள் மற்ற மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டவுன் பள்ளிப் பையன் ஒருவன், அவள் வைத்து முடிக்கும்வரை ஒழுங்காகக் காத்திருந்து, பிறகு பந்தைத் தட்டிக்கொண்டு போனான். துரத்த எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. மூன்றுக்கு இரண்டு. விசில் ஊதிவிட்டது.

மட்டைகளைக் கோணிப்பையில் போடச் சொன்னார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் மட்டையைக் கண்ணில் ஒற்றிவிட்டுப் போட்டது. அஞ்சலை சிவப்பு மட்டையைக் கடைசியில் போட்டாள். கோணிப்பை ஜீப்பில் ஏறியது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்கு நல்லாக் கத்துக் குடுத்திருக்கீங்கம்மா. நீங்களும் கொஞ்சம் கத்துக்கங்க" என்றார். நான் தயாரித்து வைத்திருந்த சொற்பொழிவைச் சொல்ல அது சரியான நேரமாகத் தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பினோம். பாதி வழியில் முருகன், "டீச்சர், சாமி லீவு முடிஞ்சி எப்ப வரும்?" என்று கேட்டான். ஜன்னல் பக்கம் திரும்பி, காற்றுக்குக் கண் கலங்குகிற மாதிரி துடைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை வழக்கமாக மைக்கோடு முடிந்துவிடும். சொல்பவர் குமரவேல் சார் என்பதால் அதற்கு மேல் அவருக்குத் தெரியாது. (ஆமாம், அவரைத்தான் கட்டிக்கொண்டேன். அன்று சாயந்திரம் பஸ் நிலையத்தில் வந்து, "மன்னிச்சிக்கங்க, மைக்க ஆஃப் பண்ணியிருக்கணும்" என்று ஆரம்பித்தவர்தான்.) திங்கட்கிழமை நடந்ததை நான் அவருக்கே பல வருஷம் கழித்துத்தான் சொன்னேன்.

அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளி வாசலில் அஞ்சலை இல்லை. அவள் அம்மா நின்றிருந்தார். கையில் வெட்டுக்கத்தி இல்லை. இதற்காகவே வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கழி போனால் பிள்ளையும் போகும் என்று சொன்னவர். பொங்கலுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள்கூட இல்லை.

"ஆட்டம் தோத்துப் போச்சாமே டீச்சர்?"

"ஆமாம்மா."

"புள்ளைங்க எல்லாம் சொல்லிச்சிங்க. இவ கோல் போடப் போன நேரத்துல கால் பட்டுச்சின்னு நின்னுட்டாளாமே? யாருமே பாக்கலியாமே?"

தலையாட்டினேன். இதற்காவது உண்மையாக ஆட்டினேன்.

"நேத்து ராவெல்லாம் எங்க ஊட்டுக்காரரு இதத்தான் பேசிக்கினு இருந்தாரு. யாரும் பாக்காதப்போ கூட இப்படி இருக்கச் சொல்லிக் குடுக்கிறாங்கன்னா, இந்தப் புள்ள அந்தக் கொட்டாய்க்கு வந்து இன்னாத்த கத்துக்கப் போவுது? கழி இல்லாட்டி இல்ல. இங்கியே இருக்கட்டும் டீச்சர். நீங்க சொன்னா கேட்டுக்குது."

அவர் இரண்டு கையையும் கூப்பினார். நான் ஒலிபெருக்கியில் கத்தியது இவர் காதுக்கு வரவில்லை. பஸ் நிலையத்துக்கே கேட்டது, கூட வந்த ஐந்து பிள்ளைகளும் கேட்டார்கள். ஒரு பிள்ளைகூட வீட்டில் வாய் திறக்கவில்லை. அந்த நிமிடத்தில் அவமானத்தில் செத்தேன், சந்தோஷத்திலும் செத்தேன். எது அதிகம் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

உள்ளே போனால் பிள்ளைகள் எல்லோரும் மைதானத்தில். ஆளுக்கொரு காய்ந்த தென்னை மட்டை. அதன் அகன்ற அடிப்பக்கம் தானே வளைந்துதான் இருக்கிறது. கீழே வைத்துத் தள்ளினால் போதும். சைக்கிள் ட்யூபை வெட்டித் துணிமேல் சுற்றி ஒரு பந்து. பெரியசாமி சார் சாமி படத்துக் குங்குமத்தை எடுத்து அதற்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். கறுப்பு ரப்பரில் அது ஒட்டவே இல்லை. விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏன்டி, நான் மைக்ல கத்துனத உங்க வூட்ல சொல்லலியா?"

"இல்ல டீச்சர்."

"ஏன்?"

மட்டையின் நாரைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா எங்கம்மா உங்கள திட்டும். அதான் முடிஞ்சி போச்சே டீச்சர். அன்னிக்கு ரெண்டு வாட்டி ஒத்திக்கினேன். ஒண்ணு எனக்கு. ஒண்ணு உங்களுக்கு."

சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

இதை நான் வீட்டில் சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டு வேடிக்கைக்கு இரண்டாம் பாகம் வந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற என் கணவர், டப்பாவிலிருந்து மைசூர்பாகை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்ப்பார். உள்ளே படித்துக்கொண்டிருக்கும் மகள் தலையைத் தூக்காமலே என் குரலில், "யாரும் பாக்கல, அடிப்பா!" என்பாள். அவர் வாயில் போட்டுக்கொள்வார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அவருக்காக ஒரு தடவை, எனக்காக ஒரு தடவை கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.